திரையில் விழுந்த புள்ளி

எலக்ட்ரான்களை வேகப்படுத்த நூறு மீட்டர் நீளக் குழாய் செய்கிற வேலையை ஒரு மேசைமேல் செய்து காட்டுவோம் என்று கிளம்பிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. லேசரை ஹீலியம் வாயுவுக்குள் பாய்ச்சினால் வாயு பிளாஸ்மாவாகி அலையடிக்கும். அந்த அலையில் ஏறிய எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் பறந்து, எதிரிலுள்ள மெல்லிய அலுமினியத் தகட்டை ஊடுருவித் திரையில் ஒளிப்புள்ளியாக விழும். லேசர் வெளிச்சம் திரைக்குப் போகாமல் தடுப்பதற்குத்தான் அந்தத் தகடு.

ஒருநாள் புள்ளி விழுந்தது. ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்ற சண்டையும் தொடங்கியது.

"அது என் லேசர் போட்ட புள்ளி" என்றான் லேசரைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தன்.

"என் நாசில் காஸ் விடலைன்னா உன் லேசர் எதுல அலை கிளப்பும்?" என்றான், வாயுவைப் பீய்ச்சும் நாசிலைச் செய்த ஏகாம்பரம்.

வாயு வால்வு பொற்கொடியின் பொறுப்பு. அவளுக்கு ஓர் உறுத்தல். எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் மாறி விழும் என்று படித்திருந்தாள். இந்தப் புள்ளியோ மயிரிழைகூட நகரவில்லை. ஒருமுறை வாயு இல்லாமல் லேசரைப் பாய்ச்சிப் பார்க்கலாமே என்று கேட்டாள். தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் பழகப் போகிறாயா என்று ஏகாம்பரம் சிரித்தான். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இந்த இடம் போனால் வீட்டில் என்ன சொல்வது? மறுபடி கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே வால்வை மூடினாள்.

பேராசிரியர் ஜெயசீலியின் முன்னால் லேசர் பாய்ந்தது. புள்ளி அதே இடத்தில், அதே பிரகாசத்தோடு விழுந்தது. சுகிர்தனும் ஏகாம்பரமும் மீண்டும் உரிமை கொண்டாட, பொற்கொடி குறுக்கிட்டாள்.

"வால்வு மூடியிருக்கு மேடம். நான்தான் மூடினேன். இது எலக்ட்ரானே இல்ல."

சொல்லாமல் சோதனையில் கைவைக்கிறவளுக்கு இங்கே இடமில்லை என்றார் பேராசிரியர்.

அவள் நகரவில்லை. "போறேன் மேடம். அந்தத் தகட்டைக் கழற்றிப் பாருங்க. அதுவரைக்கும் போக மாட்டேன்."

வாசகரே, மூவரில் யார் சொன்னது சரி? அந்தப் புள்ளி யாருடையது?

விடை: வாயு இல்லாமல் அலை இல்லை, அலை இல்லாமல் எலக்ட்ரான் இல்லை. ஏகாம்பரத்தின் உரிமை அங்கேயே போயிற்று. கழற்றிய தகட்டில் லேசர் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டிருந்தது. அதன் வழியே கசிந்த வெளிச்சம்தான் புள்ளி. ஆக, "என் லேசர் போட்ட புள்ளி" என்று சுகிர்தன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதன்பிறகு அவன் அதைச் சொல்லவே இல்லை. பொற்கொடி சொன்னதும் உண்மை; சொல்லாமல் மூடியது தவறு. அதற்குப் பேராசிரியர் தண்டனையும் கொடுத்தார்: இனி தினமும் முதல் தடவை வால்வை மூடிவிட்டுத்தான் லேசரைப் பாய்ச்ச வேண்டும், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு அவள்தான் மூட வேண்டும்.