நரி முகத்துல முழிச்ச ராசா

கரட்டு மலைக்கு அந்தப் பக்கம், கள்ளியும் கல்லுமா கெடக்குற ஒரு ஊர்ல பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேர்ந்துட்டான். ஒரே மக மரகதம், அவளையும் பக்கத்து ஊர்ல கட்டிக்குடுத்துட்டா. பூவாயிக்குன்னு இருந்தது ஒரு துண்டுக் கடலைக்காடு, அவ்வளவுதான். மரகதம் அப்ப முழுகாம இருந்தா. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு வரணும் இல்லையா? அந்தக் கடலை வெளைஞ்சாத்தான் புள்ளத்தாச்சிக்கு வாய்க்கு ருசியா நாலு பண்டம் செஞ்சு போட முடியும். இல்லேன்னா வெறுங்கஞ்சிதான். அதனால அவளுக்கு நெனப்பெல்லாம் அந்தக் காட்டு மேலதான்.

அந்த நாட்டை ஆண்ட ராசாவுக்குக் காது வரைக்கும் முறுக்குன மீசை. ஆளு கெட்டவர்னு சொல்லமாட்டேன், பாவம், பயந்தாங்கொள்ளி. அவரு பொண்ணு ரொம்ப நாளாக் காய்ச்சல்ல கெடந்துச்சு. ஒருநாள் காலையில அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தா, எதுக்க ஒரு நரி நிக்குது! நரி முகத்துல முழிச்சா நல்லது நடக்கும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல? உள்ள போனா, பொண்ணு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "அப்பா, பசிக்குது"ன்னு சொல்லுது. ராசா பொலபொலன்னு அழுதுட்டாரு. பெத்த மனசு, அழாம என்ன செய்யும்? அழுது முடிச்சதும், "இனிமே தெனமும் நரி முகத்துலதான் முழிப்பேன். நரியப் பிடிச்சாந்து என் கட்டிலுக்கு எதுக்கக் கூண்டுல வையுங்க!"ன்னுட்டாரு.

சேவகனுங்க வலையத் தூக்கிக்கிட்டுக் காடு காடா அலைஞ்சானுங்க. அந்த நேரம் பாத்து பூவாயியோட முட்டைக்கோழிய ஒரு நரி தூக்கிட்டுப் போயிருந்துச்சு. அவளுக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "அதோ, அந்த ஓடைக்கரையில பொந்து இருக்கு, ஒண்ணு விடாம அள்ளிக்கிட்டுப் போங்க, சனியன் ஒழியட்டும்!"னு கைய நீட்டிக் காட்டுனவளே அவதான்.

நரிய அள்ளிட்டாங்க. எலிக்குக் கொண்டாட்டம்! எலி ஒரு ஈத்துக்கு ஏழெட்டுக் குட்டி போடும். அந்தக் குட்டி வளந்து அதுவும் ஏழெட்டு, அதோட குட்டியும் ஏழெட்டு. முன்னெல்லாம் பொறந்ததுல முக்கால்வாசியை நரி தின்னுடும், மிச்சந்தான் மேயும். இப்பத் தின்ன ஆளில்ல. வரப்பெல்லாம் வளை, வளையெல்லாம் எலி. சனங்க ராசாகிட்ட ஓடுனாங்க. "சாமி, காட்டுல எலி பெருகிப்போச்சு!"

ராசா என்ன சொன்னாரு தெரியுமா? "ஐயோ, அதிர்ஷ்டம் பத்தலை போல இருக்கே! இன்னும் நரி பிடிங்க!"

இன்னும் நரி பிடிச்சாங்க, இன்னும் எலி பெருகுச்சு. கடலைக்கொடியப் புடுங்குனா வேர்ல காயில்ல, வெறும் ஓடு தொங்குது. சனங்க மறுபடி ஓடுனாங்க. "சாமி, வெள்ளாமை போச்சு!" ராசா மறுபடி, "அதிர்ஷ்டம் பத்தலை, இன்னும் நரி பிடிங்க!"

காட்டுல தின்ன ஒண்ணும் இல்லேன்னா எலி என்ன செய்யும்? பட்டினி கெடக்குமா? நேரா அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போச்சு. ஏய், சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்த ராசாவோட மீசையில நெய் ஒட்டியிருந்துச்சு. எலி அந்த மீசைய ஒரு பக்கம் சுத்தமாக் கரும்பித் தின்னுருச்சு! எந்திரிச்சுக் கண்ணாடியப் பாத்துட்டுக் கத்துனாரு. "அதிர்ஷ்டம் பத்தவே இல்ல! கடைசி நரி எங்க இருந்தாலும் நானே போய்ப் பிடிக்கிறேன்!"

அந்தக் கடைசி நரி எங்க இருந்துச்சு? பூவாயி காட்டு மூலையில, இலந்தை முள்ளுக்குள்ள. வலையில மாட்டிக் கால் ஒடைஞ்சு தப்பிச்ச ஒரு நொண்டி நரி. அவ அதை மொதல்ல பாத்தப்பக் கல்ல எடுத்தா. எறியப் போறப்போ அது லபக்குனு ஒரு எலியக் கவ்வுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. பூவாயி அந்த மூலையில ஒரு கொடியப் புடுங்கிப் பாத்தா. கொத்துக் கொத்தாக் காய்! அப்படியே வரப்புல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டா. "அடிப்பாவி, ஒரு கோழிக்கு ஆசைப்பட்டு மொத்தக் காட்டையும் எலிக்குத் தூக்கிக் குடுத்தேனே!"

மரகதத்துக்குன்னு மிஞ்சுனது அந்த மூலைதான். ராசா வலையோட அங்கேயே வந்து நிக்கிறாரு. பூவாயி முள்ளுக்கு முன்னால கைய விரிச்சு நின்னுட்டா.

"ஏம்மா, வழிய விடு. என் பொண்ணுக்கு மறுபடி காய்ச்சல் வந்துரும்."

"எனக்கும் பொண்ணு இருக்குது சாமி. இந்த நரி போச்சுன்னா புள்ளத்தாச்சிக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. ஒரு நாழி என்கூடக் குந்துங்க. அப்புறம் பிடிக்கிறதுன்னா பிடிச்சுக்கங்க. இத்தனை நாளா நரி முகத்தைப் பாத்தீங்க, இன்னைக்கு வாயப் பாருங்க."

ராசா பாதி மீசையோட மண்ணுல குந்துனாரு. நரி நொண்டிக்கிட்டே வந்துச்சு. ஒரு எலி, ரெண்டு எலி, மூணு எலி. பூவாயி அந்த மூலையில ஒரு கொடிய, எதுக்க மூலையில ஒரு கொடியப் புடுங்கி ராசா மடியில போட்டா. ஒண்ணுல காய், ஒண்ணுல வெறும் ஓடு. ராசா ரெண்டையும் பாத்தாரு, நரியப் பாத்தாரு. "அப்ப உங்க சோத்தைக் கொண்டுபோய் நாந்தான் கூண்டுல பூட்டி வச்சிருக்கேனா?"ன்னாரு.

"பூட்டுனது நீங்க, பொந்தைக் காட்டுனது நான். ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்குது சாமி."

சாயங்காலமே கூண்டெல்லாம் தொறந்தாச்சு. பால்சோறு தின்னு மந்தமாக் கெடந்த நரிங்க காத்து மோந்துச்சுங்க, ஓட்டமா ஓடுச்சுங்க. ராசா பொண்ணுக்குக் காய்ச்சலும் திரும்பி வரலை. எலி தின்ன வெள்ளாமைக்கு ஈடா, களஞ்சியத்துல மிஞ்சுனதை ராசா ஊருக்கே அளந்து குடுத்துட்டு, அந்த வருசம் பூரா அவரும் கூழுதான் குடிச்சாரு. மரகதம் அந்த மூலைக் கடலையில செஞ்ச உருண்டையத் தின்னு, கொழுகொழுன்னு ஒரு பொண்ணப் பெத்தா.

கொழந்தையப் பாக்க வந்த ராசாவுக்குச் சந்தோசம் தாங்கலை. "பூவாயி, பக்கத்து நாட்டுல இருந்தும் வண்டி வண்டியா நரி கொண்டாந்து விடட்டுமா? எலி பூண்டோட ஒழிஞ்சிரும்!"

"வேண்டாம் சாமி! எலி தீந்துபோனா அத்தனை நரியும் எதைத் தின்னும்? நம்ம ஆட்டுக்குட்டியத்தான். எலி கூடுனா நரி கூடும், எலி கொறைஞ்சா நரியும் தானாக் கொறையும். அதுங்க கணக்கை அதுங்களே பாத்துக்கும்."

"அப்ப நான் என்னதான் செய்யுறது?"

"ஒண்ணும் செய்யாம இருங்க சாமி. உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

ராசா ஆமான்னு தலையாட்டுனாரு.

அவ்வளவுதான், கதை காட்டுக்குப் போச்சு, கேட்டவங்க பாயில படுங்க. காலையில எந்திரிச்சு யார் முகத்துல முழிச்சாலும் நல்லதுதான். மொதல்ல போய் உங்க மூஞ்சியக் கழுவுங்க.