ஆள்காட்டிக் குருவிக்கு வந்த தலைப்பாகை

காட்டுக் குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அதன் கத்தலை நம்பித்தான் மான்கள் தலை குனிந்து தண்ணீர் குடித்தன.

அந்தக் கோடையில் சேறு காய்ந்து புழு அகப்படவில்லை. முட்டைமேல் உட்கார்ந்திருந்த பெண் குருவி பசியில் முனகியது. அப்போது பார்த்து, கூடையும் சிவப்புத் தலைப்பாகையுமாக மந்திரி நரி வந்தது.

"ஆள் வருது! ஆள் வருது!"

"ஏனப்பா கத்துகிறாய்? நான்தான், நரி!"

"தெரியும். அதனால்தான் கத்துகிறேன்!"

போன வருஷம் இதே நரி தின்ற முட்டையைக் குருவி மறக்கவில்லை. நரி மறந்துவிட்டது.

"சிறுத்தை ராஜா உன்னைக் குளத்துக் காவல் அதிகாரி ஆக்கிவிட்டார். இந்தத் தலைப்பாகை உனக்குத்தான். தினமும் ஒரு கூடைப் புழு! ராஜா வரும்போது மட்டும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"பின்னே யாருக்குக் கத்துவது?"

"அணில் வரும், முயல் வரும். ஆசை தீரக் கத்தேன்!"

"அணிலுக்குப் பயந்து எந்த மான் ஐயா ஓடும்?"

பெண் குருவி எட்டிப் பார்த்தது. "ஏங்க, கூடை நிறையவா?"

"நிறையத்தான். தின்றுவிட்டு நாளைக்கு மான்குட்டி முகத்தில் எப்படி முழிப்பது?"

"சரி சரி, கூடையைத் தூரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாசனை தாங்கவில்லை!"

பக்கத்தில் நின்ற கொக்கு சிரித்தது. "பிழைக்கத் தெரியாத பைத்தியம்! மந்திரியாரே, தலைப்பாகையை எனக்குக் கட்டுங்கள். புழுவுக்குப் பதில் மீன் கொடுத்தால் போதும்!"

அன்று மாலை சிறுத்தை புதருக்குள் பதுங்கி வந்தது. தலைப்பாகை கட்டிய கொக்கு அதிகாரி வானத்தைப் பார்த்தது. குருவி கத்தியது. மான்கள் பாய்ந்து மறைந்தன.

கொக்கு குனிந்து கும்பிட்டது. தலைப்பாகை சரிந்து கண்ணை மூடியது. "பார்த்தீர்களா ராஜா, நான் வாயே திறக்கவில்லை!"

சிறுத்தை கொக்கின் பக்கம் திரும்பியது. பசியோடு நெருங்கியது.

'என்னைப் பைத்தியம் என்றவன்தானே, போகட்டும்' என்று குருவி நினைத்தது. நினைத்து முடிப்பதற்குள் அதன் வாய் கத்திவிட்டது. "கொக்கே, உன்மேல்தான் பாய வருது! பற!"

கொக்கு பறந்தது. சிறுத்தையின் வாயில் தலைப்பாகைதான் மிஞ்சியது.

மறுநாள் கொக்கு தயங்கித் தயங்கி வந்தது. "அண்ணே, இனிமேலும் எனக்காகக் கத்துவீர்களா?"

"கத்துவேன். ஆனால் பைத்தியம் என்றாயே, அதை மறக்கமாட்டேன்!"

உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காகக் கட்டப்படும் தலைப்பாகை, கடைசியில் தலையையும் சேர்த்தே கேட்கும்.