சேனைக்கிழங்கு வாடுமா?

செவந்திக்கு நடந்தது அநியாயம். சின்ன விஷயம்தானே என்று மேலத்தெருவில் சொல்வார்கள். சின்னதா பெரியதா என்று அளக்க வேண்டியவர்கள் அதைச் செய்தவர்கள் இல்லை.

ஊருக்குத் தெற்கே ஓடைக்கரையில் செவந்திக்கும் அவள் கணவன் ஏசுராஜுக்கும் ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. அவன் பறிப்பான், அவள் விற்பாள். காலையில் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போவாள். மற்ற தெருக்களில் பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து, கொசுறுக்குக் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசி வாங்குவார்கள். மேலத்தெருவில் மட்டும் வேறு சட்டம். வாசலுக்கு எதிரே முறத்தைத் தரையில் வைத்து, அதில் காயைக் கொட்டிவிட்டு அவள் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்காரி சொம்போடு வருவாள். காயின் மேல் தண்ணீர் தெளிப்பாள். அதற்குப் பிறகுதான் எடுப்பாள். பணத்தை அதே முறத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

செவந்தி காலனிக்காரி. காரணம் அவ்வளவுதான். அந்தக் காரணத்தை மேலத்தெருவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "தண்ணி தெளிச்சாத்தான் காய் வாடாம இருக்கும்" என்பார்கள்.

அந்தத் தெருவிலேயே ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. அவர் கோதண்டம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் காய்கறி போட ஆசைப்பட்டார். போட்டதெல்லாம் செத்தது. நாற்று கேட்கச் செவந்தியின் தோட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவரை விடிகாலையில் வீட்டில் பார்க்க முடியவில்லை. அவருக்கு வயது அறுபதைத் தொட்டிருந்தது, அவளுக்கு முப்பது கடந்திருந்தது. ஆனாலும் அவளைக் 'குருவே' என்றுதான் கூப்பிட்டார். கேலியாக ஆரம்பித்ததுதான். கொல்லையில் வெண்டை காய்த்த அன்றைக்குக் கேலி போய்விட்டது, 'குரு' தங்கிவிட்டது.

"கண்டக்டரு ரூட்டு மாறி ஓடுறாரு" என்று தெரு சிரித்தது.

ஒருநாள் அவர் மனைவி பார்வதம் காலிச் சொம்பும் காய்க்கூடையுமாக வாசலிலிருந்து திரும்பினாள்.

"பார்வதம், ஒரு கேள்வி."

"ஆரம்பிச்சிட்டாரு."

"கீரைக்குத் தண்ணி தெளிக்கிறே, வாடாம இருக்கறதுக்கு. சரி, ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கிட்டா வழியை விடுங்க."

"இன்னைக்கு என்ன வாங்கினே?"

"கண்ணு தெரியலையா? சேனைக்கிழங்கு."

"சேனைக்கிழங்கு வாடுமா?"

பார்வதம் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"மண்ணுக்குள்ள மாசக்கணக்காக் கெடந்தது. தூக்கி எறிஞ்சா எவன் மண்டையாவது உடையும். இது எப்படி வாடும்?"

"எல்லாரும் தெளிக்கிறாங்க, நானும் தெளிக்கிறேன். இந்தத் தெருவுல குடியிருக்க வேணாமா?"

"டவுன் சந்தையில வாங்கிட்டு வர்ற கிழங்குக்கு ஏன் தெளிக்கிறதில்லே? அது மட்டும் வாடாத சாதியா?"

"சாப்பாடு வேணுமா, வழக்காடணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

கோதண்டம் சாப்பாடு என்றார். வாதத்தில் ஜெயித்துவிட்டு வழக்கில் தோற்ற மாதிரி இருந்தது. சோறு இறங்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனார். செவந்தி பந்தலில் புடலம்பிஞ்சுகளின் நுனியில் சணல் கயிற்றால் சின்னச் சின்னக் கற்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல் தொங்கினால் காய் சுருளாமல் நேராக நீளும்.

"குருவே, நீங்க ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"எதுக்கு, கண்டக்டரே?"

"தெளிக்கிறதுக்கு. பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே. எனக்கு ரத்தம் கொதிக்குது."

"கொதிக்கட்டும். அந்தக் கயித்தை எடுங்க."

"நான் வேணா தெருவைக் கூட்டிப் பேசட்டுமா? நான் வாயைத் திறந்தேன்னா..."

"தெரியும். மூட மாட்டீங்க."

அவள் சுருண்டுபோன ஒரு புடலங்காயைக் காட்டினாள்.

"இதை நேராக்குங்க."

கோதண்டம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நடுவில் ஒடிந்து ஒரு பாதி கையோடு வந்தது.

"ஒடிஞ்சிடுச்சு" என்றார்.

"ஆமா."

"கல்லைக் கட்டியிருக்கணும்."

"ஆமா."

"அப்ப நாமளும் கல்லு மாதிரி பொறுத்துக்கிட்டே இருக்கணுங்கறீங்க?"

"கல்லு பொறுத்துக்கிட்டா இருக்கு?" என்றாள் செவந்தி. "இழுத்துக்கிட்டுல்ல இருக்கு. சத்தம்தான் போடல."

கோதண்டம் ஒடிந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் யோசித்தார். பாதி புரிந்தது. பாதி புரிந்தால் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும்.

கார்த்திகை மாதம் கத்திரி கொத்துக்கொத்தாகக் காய்த்தது. கூடை கூடையாகப் பறித்து வண்டியில் ஏற்றும்போது மறுபடியும் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு மேலத்தெருவுக்குப் போகாதீங்க குருவே. தவிக்கட்டும்."

"பறிச்சாச்சு. வெயில் ஏறிட்டா சுருங்கிடும். இப்ப யாருக்கு அவசரம்? அவங்களுக்கா, எனக்கா?"

"நமக்குத்தான்."

"அப்ப இன்னைக்குப் பேசுற நாள் இல்லை."

வண்டியின் சக்கரத்துக்குக் கீழே அணை கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு அவள் கேட்டாள்:

"உங்க வீட்டம்மா தெளிக்கிறப்ப நீங்க எங்க நிப்பீங்க, கண்டக்டரே?"

"நானா? உள்ளதான். ஜன்னல்கிட்ட."

செவந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கோதண்டம் யாரோடும் வாதாடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்வதம் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

போகி வந்தது. மறுநாள் பொங்கல். நாட்டுக்காய் எல்லாம் போட்டுக் குழம்பு வைக்காவிட்டால் அந்த ஊரில் அது பொங்கலே இல்லை. செவந்தியின் வண்டியில் பரங்கி, மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, சேனை, மஞ்சள் கொத்து எல்லாம் மலையாகக் குவிந்திருந்தன. ஓரத்தில் தண்ணீரோடு ஒரு பித்தளைச் சொம்பும் இருந்தது.

"இது எதுக்கு குருவே?"

"வெயில்ல போறோமில்ல."

கோதண்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார். அப்படியே மேலத்தெருவுக்குள் நுழைந்தார். முதல் வீடு அவர் வீடுதான். சொம்போடு வந்த பார்வதம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்னங்க கோலம்?"

"ட்யூட்டி" என்றார் கோதண்டம்.

செவந்தி முறத்தைத் தரையில் வைத்தாள். ஒரு முழுச் சேனை, பரங்கிக் கீற்று, மொச்சை எல்லாம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பார்வதம் புருஷனைப் பார்க்காமல் தண்ணீரைத் தெளித்தாள். காயை எடுத்துக் கூடையில் போட்டாள். ஒரு நோட்டை முறத்தில் வைத்தாள்.

செவந்தி வண்டியிலிருந்த சொம்பை எடுத்தாள். நிதானமாக வந்து குனிந்தாள். விரல் நுனியால் அந்த நோட்டின் மேல் தண்ணீர் தெளித்தாள். காந்தியின் மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு நின்றது.

"அடியே! என்னடி பண்றே? நோட்டு நனையுது!"

"வாடாம இருக்கத்தாம்மா" என்றாள் செவந்தி.

வாசலுக்கு வாசல் சொம்புகள் அப்படியே நின்றன.

"நோட்டு எங்கயாவது வாடுமாடி?"

கோதண்டத்துக்கு அடக்க முடியவில்லை. "சேனைக்கிழங்கே வாடுற தெருவுல நோட்டு வாடாதா?" என்றார்.

எதிர்வீட்டுப் புது மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் தெருவின் பெரியவர் சபாபதியைச் சீண்டிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"காலங்காலமா இருக்கிற பழக்கத்தைக் கிண்டல் பண்றியா?"

"கிண்டல் இல்லீங்கய்யா. நல்ல பழக்கம்னு நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க? நானும் கத்துக்கிட்டேன்."

"நோட்டும் காயும் ஒண்ணா?"

"அது உங்க வேர்வை, இது என் வேர்வைங்கய்யா. தண்ணி ரெண்டுக்கும் ஒரே டேங்குத் தண்ணிதான்."

சபாபதிக்கு மூக்கு விடைத்தது. பதில் கிடைக்காதவர்கள் செய்வதையே அவரும் செய்தார்.

"வண்டியைத் திருப்பு! இனிமே இந்தத் தெருவுக்குள்ள காலை வைக்கக் கூடாது. உன் காய் எவனுக்கும் வேணாம். பார்வதம், வாங்கினதைத் திருப்பிக் கொட்டு!"

பார்வதம் கூடையைப் பார்த்தாள். நல்ல சேனை. மண் வாசனை மாறாத கிழங்கு. மனசே இல்லாமல் முறத்தில் கொட்டினாள். ஈர நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா" என்று செவந்தி வண்டியைத் திருப்பினாள்.

கோதண்டம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோட்டத்து வரும்படியில் பாதி மேலத்தெருதான். வண்டியோ நிறைந்து கிடந்தது. பொங்கல் முடிந்தால் பரங்கிக்காயை ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

"குருவே, இப்ப என்ன பண்றது?"

"விக்கிறது."

"எங்க? மண்டிக்குப் போனா அடிமாட்டு விலைக்குக் கேப்பான்."

"மண்டிக்கு யாரு போறா? நாலு ரோட்டுக்குத் தள்ளுங்க." கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்: "கண்டக்டரே, உங்க தொண்டையும் ரிடையர் ஆயிடுச்சா?"

ஆகவில்லை. நாலு ரோட்டில், மேலத்தெருவின் முனைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்திவிட்டுக் கோதண்டம் தொண்டையைத் திறந்தார்.

"பொங்கல் பொங்கல் பொங்கல்! சேனை, மொச்சை, பரங்கி, வள்ளி! வா வா வா, முன்னாடி எடம் இருக்கு! ஏம்மா பச்சைப் புடவை, படியில நிக்காதே, உள்ள வா! தொட்டுப் பாரு, ஒடிச்சுப் பாரு, ஒண்ணும் கேக்க மாட்டோம்! போலாம் ரைட்!"

பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு அந்தக் குரல் தெரியும். "அண்ணே, நீயா!" என்று இறங்கி வந்து மொச்சை வாங்கினான். அவனைப் பார்த்துப் பாதி பஸ் இறங்கியது. பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தார்கள். காலனியிலிருந்து வந்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் பரங்கிக் கீற்றுக்குச் சண்டை போட்டார். வண்டியில் கைக்கு மேல் கை. யார் கை எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. குவியல் இறங்க இறங்க, ஏசுராஜ் தோட்டத்திலிருந்து மொபெட்டில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு ஓடினான்.

மேலத்தெரு தன் முனையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சபாபதி டவுன் சந்தைக்கு அனுப்பிய ஆள் வெறும் பையோடு திரும்பினான். "காலையிலேயே தீந்துபோச்சாம். கெடக்கிறது அழுகல்" என்றான்.

வண்டியில் சேனை குறைந்துகொண்டே வந்தது.

அப்போது ஒருத்தி ரோட்டைக் கடந்து வந்தாள். பார்வதம். கையில் பை இருந்தது, சொம்பு இல்லை. கூட்டம் விலகியது. கோதண்டத்தின் கூவல் பாதியில் நின்றது.

பார்வதம் வண்டிக்கு எதிரே வந்து தரையைப் பார்த்தாள்.

"முறம் எங்க?"

"இந்தக் கடையில முறம் கிடையாதும்மா" என்றாள் செவந்தி.

இருந்ததில் பெரிய சேனையாகப் பார்த்து எடுத்து, இரண்டு கையாலும் தாங்கி நீட்டினாள். நல்ல கனம். நுனியைப் பிடித்து வாங்கக்கூடிய சாமான் இல்லை அது. அடியில் கை கொடுத்தால்தான் ஆகும்.

பார்வதம் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. திரும்பித் தன் தெருவைப் பார்த்தாள். அங்கே எல்லாப் பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபாபதியும்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். செவந்தியின் விரல்களுக்கு அடியில் அவள் விரல்கள் போயின. கிழங்கு கை மாறியது.

எதிர்வீட்டுப் புது மருமகள் ரோட்டில் இறங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் யார் யார் என்று சபாபதி எண்ணவில்லை. அவர் வீட்டுக்காரியும் அதில் இருந்தாள்.

பார்வதம் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. குரலில் கொஞ்சம் காரம் சேர்த்துக் கேட்டாள்:

"ஏன், இப்ப இதுக்குத் தண்ணி தெளிக்கலையா?"

செவந்தி நோட்டை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

"கைக்குக் கை மாறினா வாடாதும்மா."