கிணத்துல விழுந்த நஞ்சுக்கொடி

எங்க பால் சொசைட்டிக்குச் சென்னியப்பண்ணன் கேனோட வந்தாருன்னா, வரிசையில நிக்கற நாங்க காதைத் தீட்டிக்குவோம். அன்னிக்கு டெஸ்டர் துளசிமணி அவர் பால்ல லாக்டோமீட்டரை விட்டா. அது கல்லாட்டம் அடியில போய் உக்காந்துக்குச்சு.

"மூணாவது தடவைங்ணா, பச்சைத் தண்ணி! இன்னியோட உங்க மெம்பர் அட்டையை ரத்துப் பண்ணச் சொல்லிட்டாங்க."

அண்ணன் மொகம் செத்துப்போச்சு. அந்த ஒத்தை மாட்டை வெச்சுத்தான் அவர் குடும்பமே ஓடுது. ஆனா வாய் சாகலை.

"அம்மிணி, நான் தண்ணி ஊத்தலை. தப்பு நஞ்சுக்கொடியில நடந்துபோச்சு. மாடு கன்னு போட்டா கொடியை வைக்கோல்ல சுத்திப் பால் வடியற ஆலமரத்துல கட்டறோமே, எதுக்கு? கொடி எங்க தொங்குதோ, கன்னுக்கு ஆயுசுக்கும் அந்தக் குணம். இந்த மாட்டோட பாட்டி பொறந்தப்ப எங்கய்யன் ஆலமரத்து உச்சியில கட்டுனாரு. அது கறந்த பால்ல கரண்டியை நட்டா சாயாது. கொழந்தைக்குக் கொடுக்கோணும்னா அருவாள்ல வெட்டித்தான் கொடுப்போம்."

"கத்தி பத்தாதுங்களா?"ன்னாரு பின்னால நின்ன ஆறுச்சாமி.

"ஆட்டுக்குட்டி கூட வளத்தாதவன், நீ பேசாம இரப்பா! இவ ஆத்தா பொறந்தப்ப அவசரத்துல புளியமரத்துல கட்டிப்போட்டேன். இருவது வருசம் நேராத் தயிராவே கறந்துச்சு. காத்தடிச்சு மரம் ஆடுற நாள்ல வெண்ணெய்தான்."

"காம்புல வெண்ணெய் எப்படிண்ணா வரும்?"ன்னாரு ஆறுச்சாமி, விடாம.

"பேஸ்ட்டுப் பிதுக்கற மாதிரி பிதுக்கோணும். நோவுன்னு ஒரு நாள் படுத்திருக்குமா? மாட்டு டாக்டருக்குக் காச்ச வந்தா, அவருதான் வந்து இதுகிட்ட நாக்கை நீட்டிக் காட்டிட்டுப் போவாரு."

துளசிமணி பேனாவைத் திறந்தா. அண்ணன் அவசரமா அடுத்ததுக்குத் தாவிட்டாரு.

"இரு அம்மிணி, இவ கதைக்கு வர்றேன். இவ கொடி இருக்குதே, வைக்கோல்போர் முழுசையும் சுத்தியும் பத்தலை. எட்டுப் பேரு தூக்கிக் கட்டுனோம். ஆலங்கிளை மடார்னு முறிஞ்சு, கொடி நேரா எங்க கிணத்துல உழுந்துருச்சு. அன்னியிலிருந்து கிணத்துக்கும் மாட்டுக்கும் ஒரே உசுரு. அங்க தவளை கத்துனா, இவ அசை போடறதை நிறுத்திப் பதில் சொல்லுவா. போன ஐப்பசி மழையில கிணறு வழிஞ்சப்ப காம்பை அடைக்க முடியலை. பாத்தி கட்டி ரெண்டு ஏக்கர் மஞ்சளுக்குப் பாய்ச்சுனேன்! கிணத்துல தண்ணி இருக்கற வரைக்கும் இவ பால் அப்படித்தான் வரும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு!"

வரிசையில ஒருத்தராலயும் நிக்க முடியலை, அப்படிச் சிரிச்சோம். துளசிமணி மட்டும் சிரிக்கலை. நோட்டை நாலு பக்கம் பின்னால புரட்டினா.

"எல்லாம் சரிங்ணா. போன வாரம் உங்க கிணத்து மோட்டார் கெட்டு மூணு நாள் ஓடலை. கிணத்துல தண்ணி நெறையத்தான் கெடந்துச்சு. அந்த மூணு நாள் மட்டும் உங்க பால் எப்படிங்ணா அத்தனை கெட்டியா இருந்துச்சு?"

அண்ணன் பையிலிருந்து அட்டையை எடுத்து அவரே நீட்டினாரு.

"மோட்டாரைச் சரி பண்ணாதீங்கன்னு எம்பட ஊட்டுக்காரி அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டா, அம்மிணி. நாந்தான் கேக்கலை."