மூன்று வருஷத்து மலச்சிக்கல்

பூவாத்தாள் இட்லி வண்டி போடுகிற முக்கில், வண்டிச் சக்கரத்தடியிலேயே தினமும் வெளிக்குப் போகும் நாய் சுல்தான். அதன் சொந்தக்காரர் காலனிச் சங்கத் தலைவர் வச்சிரவேலு. சங்கிலியைப் பிடித்தபடி அந்நேரம் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"அள்ளிட்டுப் போங்க சார், சாப்பிட வர்றவங்க மிதிக்கறாங்க," என்றாள் ஒரு நாள்.

தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பிடுகிறவர்கள் எதிரிலேயே கத்தினார். "என் நாய் தெருவில் போகாது! போச்சுன்னு நாளைக்குள்ள நிரூபி. இல்லைன்னா வண்டியை எடுத்துடணும்!"

"அப்ப வீட்டுக்குள்ள போகுதுங்களா?"

"சீ! பளிங்குத் தரை போட்ட வீடு. இந்த மூணு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போனதில்லை."

"சரிங்க," என்று சட்னி ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் நின்றாள். டாக்டர் கையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர், இரண்டு முழ ரப்பர் குழாய். பின்னால் இட்லித் தட்டோடு பாதித் தெரு.

"தெருவுலயும் போகலை, வீட்டுலயும் போகலை. மூணு வருஷத்து அடைப்புங்க டாக்டர். பாவம், வாயில்லாச் சீவன்."

"வாலைத் தூக்கிப் பிடிங்க சார்," என்றார் டாக்டர்.

சுல்தான் தலைவரின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தது.

"அட, விடுங்கய்யா! இப்பத்தானே போயிட்டு வந்தான்!"

"எங்கீங்க?" என்றாள் பூவாத்தாள்.

தெருவே பதிலுக்குக் காத்திருந்தது. தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவள் ஒரு வாழை இலைத் துண்டை நீட்டினாள். "சக்கரத்தடியில இன்னும் சூடா இருக்குதுங்க. இலை என்னோடது. கை உங்களோடது."

தலைவர் முக்குவரை நடந்து போய், குனிந்து அள்ளினார். வண்டி ஓர் அடிகூட நகரவில்லை.