இடுப்புக்கு ஒரு நாற்காலி

"திங்கக்கிழமை நான் விழுந்துருவேன், டீச்சரம்மா."

வந்ததும் வராததுமாக இசக்கியப்பன் இதைத்தான் சொன்னார்.

இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் கண்டக்டர். மூன்று மாதத்துக்கு முன்னால் தலைசுற்றி, ஓடும் பஸ்ஸுக்குள் விழுந்தார். தலைசுற்றல் குணமாகிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நின்றால் மறுபடி பஸ். ஆடினால், ஓய்வு பெறும்வரை டெப்போவில் மேஜை.

யோகா சொல்லித்தரும் செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"தாடாசனத்துல நில்லுங்க, அண்ணாச்சி."

"ரெண்டு வாரமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்! பச்சப்புள்ளைகூட நிக்கும். வேற நல்ல ஆசனமாக் குடுங்களேன்."

"நில்லுங்க."

நின்றார். பாதங்களைச் சேர்த்தார், முதுகை நிமிர்த்தினார். மர நாற்காலி ஒன்றை மட்டும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இடது இடுப்பை அதில் சாய்த்துக்கொண்டார். சீட்டோரம் சாய்ந்தே டிக்கெட் கிழித்த இடுப்பு. சும்மா நிற்க அதற்குத் தெரியாது.

கண்ணை மூடினார்.

"இன்னைக்கே சனிக்கிழமை ஆயிருச்சே, டீச்சரம்மா."

"உங்க பஸ் எங்கேருந்து கிளம்பும்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. கண்ணைத் திறக்காதீங்க."

"பஸ் ஸ்டாண்டு. அப்புறம் ரயில்வே கேட்டு. மூடிக்கிடந்தா பத்து நிமிஷம் போச்சு."

"அப்புறம்?"

"பால்பண்ணை. அங்க ஒரு பள்ளம் கெடக்கு. காலை நல்லா அழுத்தி நேரா நின்னுக்கிடணும். சீட்டுல சாஞ்சிருந்தா இடுப்பெலும்பு போயிரும்."

அவருடைய கால்விரல்கள் விரிந்து தரையைப் பற்றின.

"அப்புறம்?"

"மண்டபம் ஸ்டாப்பு. பூக்காரம்மா கூடையோட ஏறும். இடம் விடச் சொன்னா ஒருத்தனும் நகர மாட்டான். யோவ், உள்ள போய்யா!"

குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. ஆட்களை ஏற்றினார், இறக்கினார், படியில் தொங்கியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். திங்கட்கிழமை எந்த ஸ்டாப்பில் இறங்கிப் போனதோ, அவருக்கே தெரியாது.

"கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் இறங்குங்க."

கண்ணைத் திறந்தார்.

செண்பகவல்லி எதிரே உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மர நாற்காலியில்.

இசக்கியப்பன் இடது பக்கம் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

"இதை எப்ப எடுத்தீங்க?"

"பால்பண்ணைப் பள்ளத்துல, அண்ணாச்சி."