பன்னிரண்டு மணி விசில்

முள்ளிக்குறும்பூரில் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். ஊர்தான் அவர்களிடம் எதையும் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

நாலு பேரில் இந்தக் கதை சுடலைமணியுடையது. அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். மற்ற மூவரும் அவன் கூட்டாளிகள். யோசிப்பதற்கு ஐயம்பெருமாள், யோசித்ததற்குத் தலையாட்ட இசக்கி, விசில் ஊதக் கொம்பையா. கொம்பையா ஒரு தடவை கபடிப் போட்டிக்கு நடுவராக நின்றான். போட்டி முடிந்ததும் விசிலைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே அது அவன் கழுத்திலேயே தங்கிவிட்டது.

சுடலைமணிக்கு மாமன் மகள் பேச்சியம்மாள் மேல் உயிர். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறவள், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். பெண் கேட்டுப் போன அன்றைக்கு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டவுனில் சித்திரைத் திருவிழாவுக்கு ஆணழகன் போட்டி வைக்கிறார்களே, அந்த மேடையில் ஏறி நில்லுங்கள், வயிற்றில் நாலு தசைக்கட்டு தெரிகிறதா என்று நானே வந்து எண்ணுகிறேன், இருந்தால் சம்மதம் என்றாள். கப்பு வாங்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நாலே நாலு கட்டு.

தேவசகாயம் மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்தில் சுடலைமணி சேர்ந்தான். ஒருவன் சேர்ந்தால் நாலு பேரும் சேர்ந்ததாகத்தான் கணக்கு. ஆறு மாதம் இரும்பைத் தூக்கினார்கள், முட்டையும் சுண்டலுமாக உள்ளே தள்ளினார்கள். தோள் ஏறியது, புஜம் ஏறியது, கூடவே வயிறும் ஏறியது. உள்ளே கட்டு இருந்ததோ என்னவோ, கொழுப்பு அதன்மேல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாஸ்டர் நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"தசை போதும்டே. இனிமே கொழுப்பு இறங்கணும். மத்தியானம் பன்னிரண்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும், அந்த எட்டு மணி நேரந்தான் சாப்பிடணும். மிச்சம் பதினாறு மணி நேரம் தண்ணியத் தவிர வாயில ஒண்ணும் படக் கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் நேரத்த மாத்தாதீங்க. இன்னொண்ணு, பட்டினியா இருக்கும்போது உடம்பு தசையத் தின்ன ஆரம்பிச்சிரும். அதப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அவர் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார். அங்கேதான் பிழை.

மறுநாள் பன்னிரண்டு அடித்ததும் கொம்பையா விசில் ஊதினான். நாலு பேரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. சுடலைமணி எழுந்திருக்கப் போனான், ஐயம்பெருமாள் அவன் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"மாஸ்டர் எத்தன மணி நேரம் சாப்பிடச் சொன்னாரு?"

"எட்டு," என்றான் இசக்கி.

"நாம எத்தன மணி நேரம் சாப்பிட்டிருக்கோம்?"

"முக்கா."

"அப்போ இன்னும் ஏழே கால் கிடக்கு. எலைய மடக்காத."

மடக்கவில்லை. சோறு தீர்ந்தது, இட்லி வந்தது, இட்லி தீர்ந்து முறுக்கு வந்தது, முறுக்கு தீர்ந்து வீட்டில் ஊறப்போட்டிருந்த மாங்காய் வரைக்கும் வந்தது. கொல்லைப்பக்கம் போகிறவன்கூடக் கையில் அதிரசத்தோடு போனான். எட்டு மணிக்குக் கொம்பையா விசில் ஊதியபோது அதிலிருந்து முதலில் வந்தது பொரிகடலை, அப்புறந்தான் சத்தம். உழைத்த களைப்பில் அப்படியே சாய்ந்தார்கள். சுடலைமணி ஆலைக்கு நீண்ட லீவு சொல்லிவிட்டான், சாப்பிடவே நேரம் பற்றவில்லை.

அடுத்த கவலை தசை. உடம்பு தசையைத் தின்னும் என்றால் எதால் தின்னும் என்று ஐயம்பெருமாள் கேட்டான். உடம்புக்கு இருப்பது ஒரு வாய்தான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே தினமும் எட்டு மணிக்குச் சுடலைமணியின் வாயைத் துண்டால் கட்டி, இரண்டு கையையும் வாய்க்கு எட்டாதபடி கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். விடிந்ததும் இசக்கி வந்து புஜத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"ஒரு பல்லுத் தடம் இல்ல," என்பான். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து எடை பார்த்தார்கள். எழுபத்து நாலாக இருந்த சுடலைமணி எண்பத்து மூன்றாகியிருந்தான். கண்ணாடி முன்னால் போய் நின்றான். முன்பு குனிந்தால் கால் விரலாவது தெரிந்தது. இப்போது அதுவும் போயிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மக்கா, பேச்சி வந்து என்னத்தலே எண்ணுவா?"

மூவரும் கூடி வெகுநேரம் ஆலோசித்தார்கள். சொன்னபடி செய்தும் பலிக்கவில்லை என்றால், எங்கேயோ சொன்னபடி செய்யவில்லை என்றுதானே அர்த்தம். கடைசியில் கொம்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டான். போன செவ்வாய்க்கிழமை நாலே கால் மணிக்குத் தனக்கு விக்கல் எடுத்தபோது, எல்லாரும் முதுகைத் தட்ட வந்துவிட்டதால், மூன்று நிமிஷம் யாருமே சாப்பிடவில்லை. சுடலைமணி அவனை மன்னித்தான், ஆனால் மனசு ஆறவில்லை.

அன்றைக்குத்தான் நாலு வீட்டு அம்மாக்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் அரிசிப் பானை நக்கிவைத்த மாதிரி இருந்தது. இனிமேல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே தட்டுச் சோறு, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது என்று அடுப்படியைப் பூட்டிவிட்டார்கள்.

ஒரு தட்டு, எட்டு மணி நேரம். ஐயம்பெருமாள் அரை நாள் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான்.

"நேரத்தச் சுருக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. அப்போ சோத்தத்தான் நீட்டணும்."

நீட்டினார்கள். தட்டுச் சோற்றைத் தொண்ணூற்றாறு பங்காகப் பிரித்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விசில், விசிலுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் கோழிக்குப் போட்டால் கோழியே முறைக்கும். சாம்பாரில் கிடந்த ஒரு துண்டு முருங்கைக்காயை எப்படித் தொண்ணூற்றாறாகப் பிரிப்பது என்று சண்டை வந்து இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு இரும்பைத் தூக்கினார்கள், அதை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே.

நாலாவது வாரம் கண்ணாடியில் முதல் கட்டு எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டாவது. போட்டிக்கு முந்தின நாள் நாலும் வந்து உட்கார்ந்துவிட்டன. சுடலைமணி ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தான். அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டு விசிலைக் கவனிக்கவில்லை. இந்தத் தடவை ஒருவருக்கும் விக்கல் எடுக்காததால்தான் இது பலித்தது என்று கூட்டாளிகள் முடிவு செய்தார்கள்.

போட்டி காலை பத்து மணிக்கு என்றார்கள். தலைமை தாங்க வந்தவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். சுடலைமணியின் முறை வந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, சிவப்பு ஜட்டியோடு மேடை நடுவில் போய் மூச்சைப் பிடித்து நின்றான். முதல் வரிசையில் பேச்சியம்மாள், கழுத்தில் இஞ்ச் டேப், ஆள்காட்டி விரல் அவன் வயிற்றை நோக்கி. ஒன்று என்று அவள் உதடு அசைந்தது. இரண்டு என்று அசைந்தது.

விசில் கேட்டது.

கொம்பையா தட்டோடு மேடை ஏறினான். பின்னால் உட்கார மணைப்பலகையோடு இசக்கி, செம்புத் தண்ணீரோடு ஐயம்பெருமாள். சுடலைமணி ஒரு கணம் தவித்தான். இன்னும் இரண்டே இரண்டு எண்ணிக்கை. ஆனால் வானமே இடிந்து விழுந்தாலும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாரே. உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வயிறு மடிந்தது, நாலு கட்டும் மடிப்புக்குள் போய்விட்டன.

நடுவர்கள் இது என்ன போஸ் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு மார்க் போட்டார்கள். மற்றப் போட்டியாளர்கள் அவனைச் சுற்றி நின்று புஜத்தைக் காட்டினார்கள். பேச்சியம்மாள் எழுந்து வெளியே போனதைச் சுடலைமணி பார்த்தான். எல்லாம் போச்சு என்று நினைத்தான். கண்ணில் நீர் முட்ட, அடுத்த விசிலுக்குக் காத்திருந்தான்.

அவள் போனது சோடா குடிக்க. குடித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பரிசு கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது, பந்தல்காரர்கள் மற்ற நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவள் மட்டும் விரலை நீட்டியபடி இருந்தாள். எட்டு மணி விசிலுக்குச் சுடலைமணி எழுந்து நின்றான்.

"மூணு," என்றாள் பேச்சியம்மாள், விட்ட இடத்திலிருந்து. "நாலு. எனக்குச் சம்மதம் அத்தான்."

ஆவணியில் கல்யாணம். காலை ஏழு மணி முகூர்த்தத்தில் தாலி கட்டியாயிற்று. வழக்கம்போலப் பெண்கள் பாலும் பழமும் கொண்டுவந்தார்கள். கொம்பையா கையைக் குறுக்கே நீட்டினான். பன்னிரண்டு மணி வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பாதிப் பழத்தைக் கையில் பிடித்தபடி மணவறையில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தியில் மூன்று தடவை ஆள் மாறிவிட்டது. ஐயர் தட்சிணையை வாங்கிக்கொண்டு சொல்லாமலே போய்விட்டார்.

பன்னிரண்டுக்கு விசில் கேட்டது. சுடலைமணி நகத்தால் பழத்தில் துளி கிள்ளி வாயில் வைத்தான். பேச்சியம்மாள் வைக்கவில்லை. இடுப்பிலிருந்து இஞ்ச் டேப்பை உருவித் தன் பாதிப் பழத்தை இரண்டு தடவை அளந்தாள். அவள் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

"மூணே முக்கா இஞ்சுதான் இருக்கு, அத்தான். ராத்திரி எட்டு மணி வரைக்கும் இது காணுமா?"